கட்டுரைக்கு ஆதாரம் தேடும்போது மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

கட்டுரை எழுதும் மாணவர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய ஆதாரங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. கேட்கிற முகங்கள் மாறுகின்றன, சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை மாணவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை, அதனால் முதல் தடவை மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

ஆதாரம் என்றால் புத்தகம் மட்டும்தானா?

இல்லை. நீங்கள் எழுதும் ஒரு வரியை "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருவர் கேட்டால் எதைக் காட்டுவீர்களோ அதுதான் ஆதாரம். புத்தகம், ஆய்வுக்கட்டுரை, அரசு அறிக்கை, பழைய கடிதம், நீதிமன்றத் தீர்ப்பு, நேர்காணல், புகைப்படம் எல்லாம் இதில் வரும்.

இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். நடந்த காலத்தில் நடந்த இடத்திலிருந்தே வந்தது முதல்நிலை ஆதாரம்: ஒரு போர்வீரனின் நாட்குறிப்பு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணை, ஆய்வு செய்தவரே எழுதிய கட்டுரை. அதைப் படித்துவிட்டு இன்னொருவர் விளக்கி எழுதினால் அது இரண்டாம்நிலை. நல்ல கட்டுரைக்கு இரண்டுமே தேவைப்படும். எது எந்த வகை என்று தெரியாமல் கலந்துவிட்டால்தான் சிக்கல்.

கூகுளில் போட்டால் லட்சக்கணக்கில் வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

தேடுவதற்கு முன் தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள். "சமூக ஊடகமும் இளைஞர்களும்" என்று தேடினால் கடல் போலக் கொட்டும். "இரவில் செல்போன் பார்ப்பது பதின்ம வயதினரின் தூக்கத்தைக் குறைக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டால் தூக்கம், பதின்ம வயது, திரை நேரம் என்று தேட வேண்டிய சொற்கள் தாமாகவே கிடைக்கும். ஆய்வாளர்கள் அதே விஷயத்துக்கு வேறு சொல் வைத்திருப்பார்கள். முதலில் கிடைக்கும் ஒன்றிரண்டு நல்ல கட்டுரைகளில் அந்தச் சொற்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைப் போட்டு மறுபடி தேடுங்கள்.

பொதுவான கூகுளோடு நிறுத்தாமல் கூகுள் ஸ்காலருக்குப் போங்கள். 2004-இல் தொடங்கிய இலவசச் சேவை அது. ஆய்வுக்கட்டுரைகள், நூல்கள் போன்றவற்றை மட்டும் தேடும். அதில் பெரும்பாலான முடிவுகளுக்குக் கீழே "சைட்டட் பை" என்று ஒரு எண்ணோடு லிங்க் இருக்கும். அதைத் தட்டினால் இந்தக் கட்டுரையைப் பின்னால் வந்தவர்கள் யார் யார் எடுத்தாண்டார்கள் என்பது வரும். ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால் அதன் கடைசியில் உள்ள பட்டியல் வழியாகப் பின்னோக்கியும், இந்த லிங்க் வழியாக முன்னோக்கியும் போகலாம். எனக்குத் தெரிந்து இதைவிட வேகமான வழி இல்லை. அப்புறம், நூலகரிடம் கேளுங்கள். தேடிக் கொடுப்பதே அவர்கள் தொழில், ஆனாலும் மாணவர்கள் ஏனோ அவர்களிடம் போவதே இல்லை.

விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாதா?

தாராளமாகத் தொடலாம். தெரியாத தலைப்பில் முதல் அரைமணி நேரம் அங்கே செலவழிப்பது நல்ல பழக்கம். யார் யார் முக்கியமானவர்கள், எந்த ஆண்டு, எங்கே சர்ச்சை என்று ஒரு வரைபடம் கிடைத்துவிடும். 2005-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழ் 42 அறிவியல் தலைப்புகளை எடுத்து விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தையும் நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்தது. ஒரு கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் 4 பிழைகள், பிரிட்டானிக்காவில் 3. பலர் நினைப்பது போல மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை.

ஆனால் கட்டுரையில் மேற்கோளாக அதைக் காட்டாதீர்கள். காரணத்தைக் காட்ட ஒரு சம்பவம் போதும். 2007-இல் ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் "பிச்சோலிம் மோதல்" என்று பதினேழாம் நூற்றாண்டுப் போர் ஒன்றைப் பற்றி நீளமாக எழுதினார். போர்த்துகீசியருக்கும் மராட்டியருக்கும் நடந்ததாகச் சொன்ன அந்தப் போர் நடக்கவே இல்லை, முழுக்கக் கற்பனை. அதற்கு "நல்ல கட்டுரை" என்ற தகுதியே கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் அப்படியே இருந்தது. கடைசியில் மாட்டியது எப்படித் தெரியுமா? அடிக்குறிப்பில் இருந்த புத்தகங்களை ஒருவர் தேடிப் பார்த்தார். அப்படிப் புத்தகங்களே இல்லை. நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும்: அடிக்குறிப்பைத் தட்டி மூலத்துக்குப் போய், அதைப் படித்து, அதையே மேற்கோள் காட்டுங்கள்.

ஒரு வலைத்தளம் நம்பகமானதா என்று பார்த்தவுடன் எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தத் தளத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்க முடியாது. வடிவமைப்பு அழகாக இருக்கிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா, "எங்களைப் பற்றி" பக்கம் இருக்கிறதா என்றெல்லாம் சரிபார்க்கச் சொல்லும் பட்டியல்கள் நிறைய உண்டு. ஏமாற்ற நினைப்பவர்களுக்கும் அந்தப் பட்டியல்கள் தெரியும்.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இரு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல விளக்கம். 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள். நம்பகமானவையா என்று மதிப்பிட அவர்களுக்குக் கொடுத்த தளங்களில் இரண்டு, பெயரைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்: அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ். முதலாவது 1930-இல் தொடங்கியது, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட குழந்தை மருத்துவர் சங்கம். இரண்டாவது, ஒரு சமூகக் கொள்கையில் முதலாவதோடு ஒத்துப்போகாத சிலர் 2002-இல் தனியாக ஆரம்பித்த சிறிய அமைப்பு. இரண்டு பக்கங்களும் பார்க்க ஒரே மாதிரி மிடுக்காக இருக்கும். மாணவர்களில் பெரும்பாலோரும் பேராசிரியர்களில் சிலரும்கூடக் குழம்பினார்கள். சரிபார்ப்பாளர்கள் குழம்பவில்லை. அவர்கள் பக்கத்துக்கு வந்த சில நொடிகளிலேயே அதைவிட்டு வெளியேறி, புதிய டேபைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள்.

அதையே செய்யுங்கள். தளத்தின் பெயர், எழுதியவர் பெயர், பணம் கொடுப்பவர் பெயர் மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். இரண்டு நிமிட வேலை. தளம் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட வெளியாட்கள் சொல்வதில் விஷயம் அதிகம் இருக்கும்.

முகவரி டாட் ஆர்க் என்று முடிந்தால் நம்பலாம்தானே?

இல்லை. டாட் ஆர்க் முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மேலே சொன்ன இரண்டு அமைப்புகளும் சந்தேகம் கிளப்பாமல் இருந்ததற்கு அந்த முகவரியும் ஒரு காரணம். டாட் கவ் போன்ற அரசு முகவரிகளை எல்லோரும் வாங்க முடியாது, அதனால் யார் பேசுகிறார்கள் என்பதாவது உறுதி. பேசுவது சரியா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஆய்விதழில் வந்துவிட்டால் அது உண்மைதானே?

சோதிக்கப்பட்டது என்று சொல்லலாம், உண்மை என்று முத்திரை குத்த முடியாது. நல்ல ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவருவதற்கு முன் அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் படித்துக் கேள்வி கேட்பார்கள். அவர்கள் ஆய்வைத் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. கொடுத்த தரவு பொய்யாக இருந்தால் அது அவர்கள் கண்ணில் படாமல் போகலாம்.

1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் குழுவினரும் எழுதிய கட்டுரை, 12 குழந்தைகளை வைத்து, எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் போடுவது) ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகத்தை விதைத்தது. லான்செட் அதை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010-இல். பன்னிரண்டு ஆண்டுகள்! அந்தக் கட்டுரையை ஆயிரக்கணக்கானோர் எடுத்தாண்டிருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் மறுப்பதற்காக. அதனால் "சைட்டட் பை" எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவுசெய்யாதீர்கள்.

நீங்கள் எடுக்கும் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பார்ப்பது எளிது. பிரதியெடுத்து வைத்த பிடிஎஃப்பை விட்டுவிட்டு இதழின் சொந்தப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே அறிவிப்பு இருக்கும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற தளம் இதற்கென்றே ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. ஆதாரங்களைச் சேமிக்க ஸோட்டேரோ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினால், திரும்பப் பெற்ற கட்டுரை உங்கள் சேமிப்பில் இருந்தால் அதுவே எச்சரிக்கும்.

காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் ஆய்விதழ்கள் இருக்கிறதாமே? எப்படித் தெரிந்துகொள்வது?

இருக்கின்றன. 2013-இல் ஜான் போஹானன் என்ற அறிவியல் செய்தியாளர், வேண்டுமென்றே ஓட்டைகளோடு தயாரித்த போலி மருந்து ஆய்வை, இல்லாத ஆய்வாளர்களின் பெயரில் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

கட்டணம் வாங்குவதே குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். வாசகர்களுக்கு இலவசமாகத் தரும் பல நல்ல இதழ்கள் எழுதுபவரிடம் கட்டணம் வாங்குகின்றன. பார்க்க வேண்டியது வேறு. ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லும் பேராசிரியர் தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழைக் குறிப்பிடுகிறாரா? பல் மருத்துவமும் பாலம் கட்டுதலும் ஒரே இதழில் வருகின்றனவா? சில நாட்களிலேயே மதிப்பீடு முடிந்துவிடும் என்று விளம்பரம் செய்கிறார்களா? இலவச இதழ் என்றால், தரம் பார்த்து இலவச இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே தளத்தில் இருக்கிறதா? இவற்றில் இரண்டு உதைத்தாலே நான் அந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிடுவேன்.

கட்டுரையைத் திறந்தால் காசு கேட்கிறது. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதலாமா?

முதலில் இலவசப் பிரதி இருக்கிறதா பாருங்கள். பல சமயம் இருக்கும். கூகுள் ஸ்காலரில் அந்த முடிவின் வலப்பக்கம் பிடிஎஃப் லிங்க் வருகிறதா, கீழே எல்லாப் பதிப்புகளையும் காட்டும் லிங்க்கில் வேறு பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். அன்பேவால் என்ற இலவச நீட்சியை உலாவியில் சேர்த்துக்கொண்டால், சட்டப்படி கிடைக்கும் பிரதியை அதுவே காட்டும். நூலகத்துக்குச் சந்தா இருக்கலாம். எதுவும் இல்லையென்றால் கட்டுரை எழுதியவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். தன் கட்டுரையை ஒரு மாணவர் படிக்க விரும்புகிறார் என்றால் சந்தோஷமாக அனுப்பிவைப்பவர்கள் நிறைய.

சுருக்கம் மட்டும் போதாது. சுருக்கத்தில் முடிவு இருக்கும், எல்லைகள் இருக்காது.

முழுக் கட்டுரையும் கிடைத்தது, ஆனால் ஒன்றுமே புரியவில்லையே?

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. சுருக்கம், அப்புறம் முன்னுரையின் கடைசிப் பத்தி, அப்புறம் முடிவை விவாதிக்கும் பகுதி என்று போங்கள். முன்னுரையின் கடைசிப் பத்தியில் என்ன கேள்விக்குப் பதில் தேடினார்கள் என்பது இருக்கும். விவாதப் பகுதியின் இறுதியில் தங்கள் ஆய்வின் குறைகளை ஆய்வாளர்களே எழுதியிருப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள், உங்கள் கட்டுரைக்குச் சாறு அங்கேதான் இருக்கிறது.

செய்முறைப் பகுதியில் மூன்றே விஷயங்களைத் தேடுங்கள்: எத்தனை பேர், யார், எவ்வளவு காலம். எலிகளை வைத்துச் செய்த ஆய்வை "மனிதர்களுக்கு நல்லது" என்று எழுதிவிடும் ஆபத்து இந்த மூன்றைப் பார்த்தாலே போய்விடும். புள்ளியியல் சூத்திரங்கள் புரியாவிட்டால் பரவாயில்லை.

பத்து தளங்களில் ஒரே புள்ளிவிவரம் இருக்கிறது. அப்போ சரிதானே?

பத்தும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருந்தால் அது ஒரே ஆதாரம்தான். மனிதனின் கவனம் 8 நொடிதான், தங்கமீனுக்கே 9 நொடி என்று படித்திருப்பீர்கள். இதன் நூலைப் பிடித்துப் பின்னால் போய்ப் பார்ப்போம். செய்திகள் எல்லாம் 2015-இல் வந்த மைக்ரோசாஃப்ட் கனடாவின் அறிக்கையைக் காட்டும். அறிக்கையைத் திறந்தால், அந்த எண் மைக்ரோசாஃப்ட் செய்த ஆய்விலிருந்து வரவில்லை; ஸ்டாட்டிஸ்டிக் பிரெய்ன் என்ற தளத்தை அது காட்டுகிறது. 2017-இல் பிபிசி அந்தத் தளம் குறிப்பிட்ட இடங்களையெல்லாம் தொடர்புகொண்டு கேட்டது. அப்படி ஓர் ஆய்வு எங்கும் அகப்படவில்லை. உலகம் முழுக்கச் சுற்றிய எண்ணுக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

எந்த எண்ணைப் பார்த்தாலும் "இதை எண்ணியது யார்?" என்று கேளுங்கள். எண்ணியவரை அடையும் வரை பின்னோக்கிப் போங்கள். மூன்று படி போயும் கிடைக்கவில்லை என்றால் அந்த எண் உங்கள் கட்டுரையில் வேண்டாம்.

நல்ல புத்தகம் ஒன்றில் இன்னொருவரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். மூலத்தைப் பார்க்காமல் அதை எடுத்துப் போடலாமா?

மூலம் கிடைக்கும் என்றால் போய்ப் பாருங்கள். பசலைக்கீரையில் இரும்புச்சத்து அதிகம் என்ற நம்பிக்கை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ தசமப்புள்ளியைத் தவறாக வைத்ததால் வந்தது என்று ஒரு கதை உண்டு. 1981-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு மருத்துவர் அதை எழுதினார். அதற்குப் பிறகு பலர் எடுத்தாண்டார்கள். 2010-இல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போனபோது, அந்தத் தசமப்புள்ளிக் கதைக்கே ஆதாரம் இல்லை. நல்ல இதழ், படித்தவர்கள், எல்லோரும் அடுத்தவரை நம்பிக் கடத்திவிட்டார்கள்.

மூலம் கிடைக்கவே கிடைக்காது என்றால் மறைக்காமல் "இன்னார் எடுத்தாண்டபடி" என்று எழுதிவிடுங்கள். படிக்காத நூலைப் படித்ததுபோல் அடிக்குறிப்பில் போடுவது பொய்.

எவ்வளவு பழைய ஆதாரம் வரை எடுக்கலாம்?

துறையைப் பொறுத்தது. மருத்துவம், கணினி என்றால் ஐந்து ஆண்டுகளுக்கு முந்தையதைச் சந்தேகத்தோடு பாருங்கள். வரலாறு, இலக்கியம், தத்துவம் என்றால் நூறு வருடப் பழைய நூலும் இன்றைக்கும் நிற்கலாம். பழைய நூலோடு அதற்குப் பின் வந்த ஒரு கட்டுரையையும் படித்துவிடுங்கள். அந்தக் கருத்து இப்போதும் ஏற்கப்படுகிறதா என்று தெரியும்.

சாட்ஜிபிடியிடம் கேட்டேன். ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண்ணோடு ஐந்து ஆதாரம் கொடுத்தது. போடலாமா?

ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்காமல் போடாதீர்கள். இந்த மென்பொருள்கள் உண்மையான கட்டுரையைக் காட்டும் அதே நடையில், இல்லாத கட்டுரையையும் காட்டும். 2023-இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். பல தீர்ப்புகள் வழங்கப்படவே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

சரிபார்க்கும் வழி: ஆய்வுக்கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் டிஓஐ என்று 10-இல் தொடங்கும் நிரந்தர எண் இருக்கும். அதை டிஓஐ தளத்தில் போட்டால் கட்டுரையின் பக்கத்துக்கே கொண்டுபோக வேண்டும். வேறு கட்டுரைக்குப் போனாலோ எங்கும் போகாவிட்டாலோ தூக்கிப் போடுங்கள். டிஓஐ இல்லையென்றால் தலைப்பை மேற்கோள்குறிக்குள் வைத்துத் தேடுங்கள். கட்டுரை இருப்பது உறுதியானாலும் வேலை முடியவில்லை. அது சொன்னதாக மென்பொருள் சொல்வதை உண்மையிலேயே சொல்லியிருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தேட வேண்டிய சொற்களை யோசிக்க, கடினமான பத்தியை விளங்கிக்கொள்ள இதைப் பயன்படுத்துங்கள், ஆட்சேபமே இல்லை. மேற்கோள் உங்கள் பொறுப்பு.

ஒரு பக்கச் சார்பு உள்ள அமைப்பின் அறிக்கையை எடுக்கலாமா?

எடுக்கலாம், யாருடையது என்பதைக் கட்டுரையிலேயே சொல்லிவிட்டு. ஒரு நிறுவனம் தன் கொள்கையைப் பற்றிச் சொல்வதற்கு அந்த நிறுவனமே சிறந்த ஆதாரம். அந்தக் கொள்கை நல்லதா என்பதற்கு அது சாட்சி ஆகாது. எந்த வரிக்காக எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதே அறிக்கை நல்ல ஆதாரமாகவும் இருக்கும், உதவாததாகவும் இருக்கும்.

சார்பு தெரிந்தால் சமாளிக்கலாம், மறைத்தால்தான் ஆபத்து. 1967-இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் இதயநோய் பற்றி ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை, சர்க்கரையைவிடக் கொழுப்பின் பக்கம் விரல் நீட்டியது. அதற்குச் சர்க்கரைத் தொழில் அமைப்பு பணம் கொடுத்தது என்பது பழைய கடிதங்கள் வழியாக 2016-இல்தான் வெளியே வந்தது. இப்போது பெரும்பாலான இதழ்கள் கட்டுரையின் முடிவில் பணம் தந்தவரைக் குறிப்பிடச் சொல்கின்றன. அந்தச் சின்ன எழுத்துப் பத்தியைப் படியுங்கள்.

இரண்டு நல்ல ஆதாரங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. எதை எடுப்பது?

முதலில் இரண்டும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குழந்தைகளை ஆராய்ந்திருக்கும், மற்றது பெரியவர்களை. அப்படியென்றால் முரணே இல்லை. ஒரே கேள்விதான் என்றால், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் தொகுப்பாய்வு ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுங்கள். மருத்துவத்தில் காக்ரேன் என்ற அமைப்பு வெளியிடும் தொகுப்புகள் இதற்குப் பேர்போனவை. அதுவும் இல்லையென்றால் இருவரும் எங்கே பிரிகிறார்கள், ஏன் பிரிகிறார்கள் என்பதையே எழுதுங்கள். எனக்கு மாணவர் கட்டுரைகளில் பிடித்த பத்திகள் இவைதான்.

நான் சொல்ல வந்ததற்கு எதிராகவே எல்லா ஆதாரமும் கிடைக்கிறதே?

அப்படியென்றால் சொல்ல வந்ததை மாற்றுங்கள். தேடும் சொல்லையும் ஒருமுறை பாருங்கள். "காப்பி உடலுக்குக் கெடுதல்" என்று தேடினால் கெடுதல் என்பவைதான் வரும். "காப்பியும் உடல்நலமும்" என்று தேடினால் இரண்டு பக்கமும் வரும். அப்படித் தேடியும் எதிராகவே இருந்தால், பொருந்தாததை ஒளித்து வைத்துவிட்டுப் பொருந்தும் ஒன்றை மட்டும் பொறுக்கி எழுதாதீர்கள். விஷயம் தெரிந்தவர் படித்தால் விட்டுப்போனது முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும்.

கட்டுரையை முடித்துவிட்டேன். இப்போதுதான் ஒரு ஆதாரம் சரியில்லை என்று தெரிகிறது. நாளைக்குக் கொடுக்க வேண்டும். என்ன செய்வது?

அந்த ஆதாரத்தின் மேல் எத்தனை வரிகள் நிற்கின்றன என்று எண்ணுங்கள். ஒரு வரிதான் என்றால் வெட்டிவிடுங்கள், யாருக்கும் குறையாகப் படாது. ஒரு பத்தி என்றால், அதே கருத்துக்கு வேறு ஆதாரம் உண்டா என்று ஒரு மணி நேரம் தேடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள நல்ல கட்டுரைகளின் பட்டியல்களிலிருந்து ஆரம்பித்தால் சீக்கிரம் கிடைக்கும். கிடைக்காவிட்டால், மிச்சமிருக்கும் ஆதாரம் தாங்கும் அளவுக்கு வாக்கியத்தைச் சுருக்குங்கள்: "குறைக்கிறது" என்பது "குறைக்கலாம் என்று ஓர் ஆய்வு சொல்கிறது" ஆகட்டும்.

கட்டுரையின் மையமே அதன் மேல்தான் நிற்கிறது என்றால் இன்றைக்கே ஆசிரியரிடம் போய்ச் சொல்லி அவகாசம் கேளுங்கள். எந்த ஆதாரம், அதில் என்ன குறை கண்டீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.